கறிக்கடையிலும் மளிகைக்கடையிலும் பார்த்து, கேட்டு, வீணாகாமல் வாங்குவது எப்படி? முழுமையான வழிகாட்டி

கறிக்கடையில் நம்மில் பலர் சொல்லும் முதல் வாக்கியம் "அரைக் கிலோ கறி கொடுங்க" என்பதுதான். கடைக்காரரும் கைக்கு எட்டிய இடத்திலிருந்து நாலு துண்டு, எலும்போடு ரெண்டு, கொஞ்சம் கொழுப்பு என்று வெட்டி நிறுத்துக் கொடுத்துவிடுவார். அவர் மேல் தவறில்லை. எவ்வளவு வேண்டும் என்று சொன்னோம், எதற்கு வேண்டும் என்று சொல்லவில்லை.

தனியாகச் சமைக்கத் தொடங்கிய நாட்களில் நானும் அப்படித்தான் வாங்கினேன். ஒருநாள் சட்டென்று வறுத்துச் சாப்பிடலாம் என்று சிவந்த, பார்க்க அழகான ஒரு துண்டை வாங்கி வந்தேன். கால் மணி நேரம் வறுத்தேன், ரப்பர் மாதிரி இருந்தது. இன்னும் கால் மணி, இன்னும் கெட்டியானது. பழைய கறியைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கோபம். அடுத்த வாரம் வேறொரு கடையில் வயதான ஒருவரிடம் இதைச் சொன்னபோது, அவர் அதே மாதிரி ஒரு துண்டை எடுத்துக் குறுக்கே வெட்டி, உள்ளே ஓடிய வெள்ளை நரம்புகளைக் கத்தி நுனியால் தூக்கிக் காட்டினார். "இது கால் கறி தம்பி. நல்ல கறிதான். ஆனா ரெண்டு மணி நேரம் கேக்கும். அவசரத்துக்கு இதை வாங்காதீங்க." கறியில் குறையில்லை, நான் அதை எதற்கு என்று சொல்லாமல் வாங்கியதுதான் குறை என்று அன்றைக்குப் புரிந்தது. இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் போகிறது: எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், எதற்கு?

1. வீட்டிலேயே பத்து நிமிடம்

கிளம்புமுன் ஃபிரிட்ஜையும் அலமாரியையும் திறந்து பாருங்கள். இருக்கிறதா இல்லையா என்று நினைவில் தேடினால், இருப்பதையே மறுபடி வாங்கி வருவோம். பட்டியல் எழுதும்போது பொருளுக்குப் பக்கத்தில் காரணத்தையும் எழுதுங்கள். "கறி ஒரு கிலோ" என்று எழுதாமல் "கறி: ஞாயிறு மதியம், ஆறு பேர், நீர்விட்டு மெதுவாக வேகவைக்க" என்று எழுதிப் பாருங்கள். கடையில் பேச வேண்டிய பாதி அந்தச் சீட்டிலேயே வந்துவிடும்.

அளவுக்கு என் கணக்கு இது. எலும்போடு வாங்கினால் ஆளுக்கு 200 முதல் 250 கிராம். எலும்பில்லாத தனிக்கறி என்றால் 125 முதல் 150 கிராம் போதும். கறியில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர்தான். வேகும்போது அதில் ஒரு பகுதி வெளியேறுவதால் கால் பங்கு எடை வரை குறையும். பச்சைக் கறியாகப் பார்க்கும்போது நிறைய மாதிரித் தெரிந்து, தட்டில் போடும்போது போதாமல் போவது இதனால்தான்.

பை விஷயம் சின்னதுதான், ஆனால் மறக்கக் கூடாது. கறிக்கென்று கசியாத மூடி போட்ட டப்பா ஒன்று, மளிகைக்குத் தனிப் பை. தூரம் அதிகம் என்றால் குளிர் தாங்கும் பையும் ஐஸ் கட்டியும். கறியின் நீர் கீரையிலோ ரொட்டியிலோ சொட்டிவிட்டால், வேகவைக்காமல் சாப்பிடும் பொருளில் கிருமி ஏறிவிடும். கூடவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் இப்போதே இடம் ஒதுக்கிவிட்டுக் கிளம்புங்கள்.

2. எந்தக் கடைக்கு முதலில் போவது?

பச்சைக் கறி 5 டிகிரி செல்சியசுக்கு மேல் போனால் அதிலுள்ள பாக்டீரியா பெருகத் தொடங்கும். 5 முதல் 60 டிகிரி வரை அதற்குக் கொண்டாட்டம். அந்த வெப்பத்தில் கறி மொத்தமாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெளியே 32 டிகிரிக்கு மேல் வெயில் அடித்தால் ஒரு மணி நேரம்தான். அதனால் கறியைக் கடைசியாக வாங்குவதுதான் சரி.

ஆனால் நல்ல கறி முதலில் வருபவர்களுக்குத்தான் கிடைக்கும் என்ற சிக்கலும் உண்டு. இதற்கு நான் கண்ட வழி: போகும்போதே கறிக்கடையில் நின்று, வேண்டிய இடத்தைக் காட்டி, "இதை எடுத்து வைங்க, திரும்பி வரும்போது வெட்டி வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மளிகைக்கடைக்குப் போவது. குளிர்பெட்டி வைத்திருக்கும் எந்தக் கடைக்காரரும் இதற்கு மறுப்புச் சொல்வது அபூர்வம்.

மளிகையிலும் இதே நியாயம்தான். முதலில் மூட்டை, பாக்கெட், டப்பாக்கள். அப்புறம் காய், பழம். பால், தயிர், முட்டை அடுத்து. உறைந்த பொருட்கள் கடைசி.

3. கறிக்கடை வாசலில் ஒரு நிமிடம் நில்லுங்கள்

உள்ளே நுழைந்ததும் கேட்கத் தொடங்காமல் சும்மா நின்று பாருங்கள். வெட்டுக்கட்டை சுரண்டிச் சுத்தமாக இருக்கிறதா, நேற்றைய பிசுக்கு அதில் படிந்திருக்கிறதா? கத்தியைத் துடைக்கும் துணி என்ன நிறத்தில் இருக்கிறது? பணம் வாங்கிய கையாலேயே கறியைத் தொடுகிறார்களா? கோழி வெட்டிய கட்டையிலேயே கழுவாமல் மற்றக் கறியையும் வெட்டுகிறார்களா? கறி வெயிலில் தொங்குகிறதா, குளிரில் இருக்கிறதா?

மூக்கும் சொல்லும். நல்ல கறிக்கடையில் பச்சைக் கறியின் லேசான வாடை இருக்கும், அது இயல்பு. புளித்த வாடையோ, மூக்கைத் துளைக்கும் கிருமிநாசினி வாடையோ வாசலிலேயே அடித்தால் நான் திரும்பிவிடுவேன். எவ்வளவு நாள் பழகிய கடையாக இருந்தாலும் இதில் தயவு காட்ட வேண்டாம்.

4. நிறத்தை மட்டும் நம்பாதீர்கள்

கறிக்கு நிறம் கொடுப்பது மயோகுளோபின் என்ற புரதம். இப்போதுதான் வெட்டிய கறியின் உட்புறம் கருஞ்சிவப்பாக, கொஞ்சம் ஊதா கலந்து இருக்கும். காற்றுப் பட்டு அரை மணி நேரத்துக்குள் பளிச்சென்ற சிவப்பாக மாறும். இன்னும் நேரம் போனால் பழுப்பேறும். ஆகவே மேலே கொஞ்சம் பழுப்பாக இருப்பதாலேயே கறி கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. பளிச்சென்று சிவப்பாக இருப்பதாலேயே நல்லது என்றும் சொல்ல முடியாது. காற்று நீக்கி அடைத்த பாக்கெட்டில் கறி இருண்டு தெரிவதும் இதனால்தான். பிரித்து வைத்தால் சிவந்துவிடும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கறியிலிருந்து கசியும் சிவப்பு நீரைப் பலரும் ரத்தம் என்று நினைக்கிறார்கள். அதில் பெரும்பகுதி தண்ணீரும் மயோகுளோபினும்தான். ஆனால் தட்டில் அது குளமாகத் தேங்கி நின்றால் கறி வெட்டி நேரமாகிவிட்டது, அல்லது உறைய வைத்து இளக்கியது என்று பொருள்.

நம்ப வேண்டியவை மூன்று. ஒன்று வாசனை: புளிப்போ அழுகலோ இல்லாமல் இருக்க வேண்டும். அடுத்தது தொடுகை: கடைக்காரரையே விரலால் அழுத்தச் சொல்லுங்கள், நல்ல கறி குழி விழுந்து உடனே பழைய நிலைக்குத் திரும்பும். கடைசியாக மேற்பரப்பு: ஈரமாக இருக்கலாம், வழவழவென்று பசை போல ஒட்டக் கூடாது. பிசுபிசுப்பு வந்த கறியைக் கழுவிச் சரிசெய்ய முடியாது.

இளசா முற்றலா என்பதை எலும்பு காட்டிக்கொடுக்கும். வெட்டிய இடத்தில் எலும்பு இளஞ்சிவப்பாக, துளைதுளையாகத் தெரிந்தால் இளசு. வெள்ளையாக, கல் போல இறுகியிருந்தால் முற்றியது. முற்றியதை வாங்கக் கூடாது என்பதல்ல. அதன் சாற்றில் சுவை அதிகம், நேரம்தான் கூடுதலாகக் கேட்கும்.

5. எந்த இடத்துக் கறி, எந்தச் சமையலுக்கு

இந்த இடத்தில்தான் அவசரப்படாமல் நிற்க வேண்டும். எந்த விலங்காக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான்: அது உயிரோடு இருந்தபோது அதிகம் வேலை செய்த தசை கெட்டி, குறைவாக வேலை செய்த தசை மிருது. நாள் முழுக்க உடம்பைத் தாங்கி நடந்த கால்கள், குனிந்து நிமிர்ந்த கழுத்து, முன்னங்கால் சப்பை எல்லாம் முதல் வகை. முதுகெலும்பை ஒட்டி இரண்டு பக்கமும் ஓடும் நீளத் தசை இரண்டாம் வகை.

வேலை செய்யும் தசைகளைக் கட்டி வைத்திருப்பது கொலாஜன் என்ற வெள்ளை நார். வறுக்கும் சட்டியில் பத்து நிமிடம் வைத்தால் அது சுருங்கி, கறியைப் பிழிந்து, ரப்பராக்கிவிடும். ஆனால் 70 டிகிரிக்கு மேல் ஈரத்தோடு நீண்ட நேரம் இருந்தால் அதே நார் கரைந்து ஜெலட்டினாக மாறும். மறுநாள் ஃபிரிட்ஜில் வைத்த சாறு பாகு போல இறுகி நிற்குமே, அதுதான் இது. உதட்டில் ஒட்டும் அந்த வழவழப்பும், எலும்பைவிட்டுக் கறி தானாகக் கழன்று வருவதும் கெட்டிக் கறியில் மட்டுமே கிடைக்கிற இன்பம். முதுகுக் கறியை இரண்டு மணி நேரம் வேகவைத்தால் அது கிடைக்காது. கரைய நார் இல்லாததால் வைக்கோல் போல உலர்ந்துதான் போகும்.

ஆக, மெதுவாக நீரில் வேகப் போகிறது என்றால் கழுத்து, சப்பை, நெஞ்செலும்பு, முழங்கால் பக்கம் கேளுங்கள். சட்டென்று வறுக்கவோ நெருப்பில் வாட்டவோ போகிறீர்கள் என்றால் முதுகுக் கறி, விலாவோடு சேர்ந்த சாப்ஸ். பின்னந்தொடை நடுத்தரம்: கொழுப்பும் எலும்பும் குறைவு, சின்னதாக வெட்டினால் வறுக்கலாம், பெரிதாக விட்டால் மெதுவாக வேகவைக்கலாம். சாறு மட்டும் வேண்டும் என்றால் நல்லி எலும்பும் மூட்டு எலும்பும். மூட்டில்தான் கொலாஜன் அதிகம், வெறும் நீள எலும்பில் மஜ்ஜை அதிகம், இரண்டையும் கலந்து வாங்கினால் சாற்றுக்குத் திடமும் மணமும் சேர்ந்து வரும்.

பெரும்பாலும் மிருதுவான இடத்துக்குத்தான் விலை கூட. கெட்டி இடங்கள் மலிவு. நேரம் இருக்கிறவர்களுக்கு மலிவான கறியே நல்ல கறி என்பது என் உறுதியான எண்ணம்.

சவ்விலும் இரண்டு வகை உண்டு. வெள்ளை நார் வேகும்போது கரையும், விட்டுவிடலாம். வெள்ளித் தகடு போல மினுங்கும் மெல்லிய தோல் எவ்வளவு வேகவைத்தாலும் கரையாது. சூட்டில் அது சுருங்கி, துண்டையே வளைத்துவிடும். "அந்தச் சவ்வை மட்டும் எடுத்திடுங்க அண்ணே" என்று சொன்னால் போதும். பழகிய கை கத்தியை அதன் அடியில் படுக்கையாகச் செருகி, ஒரு முனையைப் பிடித்து இழுத்தபடியே ஒரே வீச்சில் உரித்துவிடும்.

அப்போதே அறுத்த கறிதான் சிறந்தது என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் தள்ளி வைக்கலாம். அறுத்த சில மணி நேரத்தில் தசைகள் விறைக்கும். கோழியில் அது சில மணி நேரத்தில் தளர்ந்துவிடும். பெரிய விலங்குகளில் ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். விறைத்த நிலையில் சமைத்தால் கறி கடினமாகத்தான் இருக்கும். அன்று காலை அறுத்ததை வாங்கினால், மூடி ஃபிரிட்ஜில் ஒரு இரவு வைத்துவிட்டு மறுநாள் சமைத்துப் பாருங்கள், வித்தியாசம் பல்லுக்குத் தெரியும்.

6. எப்படி வெட்டச் சொல்வது

இடத்தைச் சொன்னபின் அளவைச் சொல்லுங்கள். மெதுவாக வேகப் போகும் கறி பெரிய துண்டாகவே இருக்கட்டும், வெந்து முடியும்போது எப்படியும் சுருங்கும். எல்லாத் துண்டும் ஒரே அளவில் இருப்பது முக்கியம், இல்லாவிட்டால் சிறியது கரைந்து பெரியது வேகாமல் நிற்கும். வறுக்கும் கறி என்றால் "நாருக்குக் குறுக்கே வெட்டுங்க" என்று சொல்லுங்கள். கறியில் கோடு கோடாக ஓடும் இழைகளுக்குக் குறுக்கே வெட்டினால் ஒவ்வொரு இழையும் குட்டையாகிவிடும், மெல்லும்போது பல்லுக்கு வேலை குறையும்.

எலும்பை வெட்டும்போது தெறிக்கும் சிலும்புகளைத் தட்டிவிடச் சொல்லுங்கள். குழந்தைகளுக்குக் கொடுப்பவர்கள் வீட்டிலும் ஒருமுறை விரலால் தடவிப் பார்க்க வேண்டும்.

சமையல் பழகாதவர்கள் இவ்வளவும் நினைவில் வைக்க வேண்டியதில்லை. "ஆறு பேர், மெதுவா வேகவைக்கப் போறேன், எலும்போட வேணும், எந்த இடம் குடுப்பீங்க?" என்று கேட்டாலே போதும். தினமும் கறியோடு இருக்கிற மனிதர், கேட்டால் சொல்லத்தான் செய்வார். கூட்டம் இல்லாத நேரத்தில் கேளுங்கள். பின்னால் பத்துப் பேர் நிற்கும்போது யாராலும் நிதானமாகப் பதில் சொல்ல முடியாது.

7. கோழி, கொத்துக்கறி, ஈரல்

கோழியில் நெஞ்சு எலும்பின் கீழ்நுனியை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். இளங்கோழி என்றால் குருத்தெலும்பு வளைந்து கொடுக்கும், முற்றியது விறைப்பாக நிற்கும். தோலில் கிழிசலோ கருநீலத் திட்டோ இருக்கக் கூடாது. உறைந்த கோழிப் பாக்கெட்டுக்குள் பெரிய பனிக்கட்டிகள் தெரிந்தால், ஒருமுறை இளகி மறுபடி உறைந்தது என்று சந்தேகப்படுங்கள். நெஞ்சுக்கறி சீக்கிரம் வேகும், சீக்கிரம் உலரும். நேரம் பிடிக்கும் சமையலுக்குத் தொடையும் காலும்தான் தாங்கும்.

முழுக் கோழி வாங்கினால் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எலும்புக்குப் போகும். தனிக்கறியின் விலையோடு ஒப்பிடும்போது அதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். கோழியை உயிரோடு நிறுத்து விலை சொல்லும் கடைகளில், சுத்தம் செய்தபின் எடை எவ்வளவு குறையும் என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கொத்துக்கறியில் கூடுதல் கவனம் வேண்டும். முழுத் துண்டில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். கொத்தும்போது அவை உள்ளேயும் கலந்துவிடுகின்றன. அதனால் ஏற்கெனவே கொத்தி வைத்த குவியலிலிருந்து வாங்காமல், துண்டைத் தேர்ந்தெடுத்துக் கண்முன்னே கொத்தச் சொல்லுங்கள். இயந்திரத்தில் போடுமுன் உள்ளே முந்தைய கறி மீதி இருக்கிறதா என்றும் பாருங்கள். வாங்கிய அன்றோ மறுநாளோ சமைத்துவிட வேண்டும்.

ஈரல், குடல் போன்ற உள்ளுறுப்புகளும் அப்படித்தான், சீக்கிரம் கெடும். ஈரல் பளபளப்பாக, ஒரே நிறத்தில், தொட்டால் இறுக்கமாக இருக்க வேண்டும். பித்தப்பை உடைந்து பச்சைக் கறை பட்ட ஈரல் கசக்கும். அந்தப் பகுதியை அங்கேயே வெட்டி எடுத்துவிடச் சொல்லுங்கள்.

8. தராசைப் பாருங்கள், தயங்காதீர்கள்

கறி வைக்குமுன் எடை இயந்திரம் பூஜ்யம் காட்ட வேண்டும். தட்டோ டப்பாவோ வைத்து நிறுத்தால், அதை வைத்தபின் பூஜ்யமாக்கிவிட்டுத்தான் கறியை வைக்க வேண்டும். கடைக்காரர் எடை பார்க்கும் திரை உங்களுக்கும் தெரிகிற மாதிரி இருக்கட்டும். எண் நிலைக்கும்வரை ஒரு நொடி காத்திருங்கள், கறியைப் போட்ட வேகத்தில் அது கூடித்தான் காட்டும்.

முக்கியமான கேள்வி ஒன்று: கழிவை நீக்குவதற்கு முன் எடையா, பின் எடையா? இரண்டும் வழக்கத்தில் உண்டு, விலையும் அதற்கேற்ப இருக்கும். எது என்று முதலிலேயே கேட்டுவிட்டால் கடைசியில் மனக்கசப்பு வராது. கழிவுக்கும் காசு கொடுத்திருந்தால் எலும்பையும் கொழுப்பையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சாற்றுக்கு ஆகும்.

9. மளிகைக்கடையில் அதே கேள்வி

மளிகையிலும் எதற்கு என்பதை மறக்காதீர்கள். மாதம் ஒருமுறை பயன்படுத்தும் பொருளை ஒரு கிலோ வாங்குவது, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் லாபம் அல்ல. பெரிய பாக்கெட்டா சின்னதா என்ற குழப்பத்துக்கு, இரண்டின் விலையையும் 100 கிராமுக்கு வகுத்துப் பாருங்கள். பெரியதுதான் மலிவு என்பது எப்போதும் உண்மையல்ல.

எண்ணெயில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. ஒரு லிட்டர் சமையல் எண்ணெயின் எடை சுமார் 910 முதல் 920 கிராம்தான். ஒரு கிலோ பாக்கெட்டையும் ஒரு லிட்டர் பாக்கெட்டையும் பக்கத்தில் வைத்து விலை பார்த்தால், ஒப்பிடுவது ஒரே அளவை அல்ல. முன்பக்கத்தில் எவ்வளவு பெரிதாக எழுதியிருந்தாலும், நிகர எடை அச்சிட்ட சின்ன வரியைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தேதியில் இரண்டு வகை. ஒரு குறிப்பிட்ட நாளுக்குள் பயன்படுத்திவிட வேண்டும் என்று போட்டிருந்தால் அது பாதுகாப்புக்கான தேதி, தாண்டினால் சாப்பிடக் கூடாது. இந்த நாள்வரை தரம் சிறப்பாக இருக்கும் என்று போட்டிருந்தால், தாண்டியதும் பொருள் விஷமாகிவிடாது, சுவையும் மணமும் குறையலாம். கடைகளில் பழைய சரக்கை முன்னால் வைப்பது வழக்கம், பின்வரிசையில் கைவிட்டால் புதியது கிடைக்கும். ஆனால் இன்றைக்கே சமைக்கப் போகிறீர்கள் என்றால் முன்னால் இருப்பதையே எடுங்கள், அது குப்பைக்குப் போகாமல் இருக்கட்டும்.

சேர்மானப் பட்டியலில் எடை அதிகமானது முதலில் வரும். சர்க்கரை டெக்ஸ்ட்ரோஸ், மால்டோஸ், சிரப் என்று பல பெயர்களில் ஒளிந்திருக்கும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் சில பொருட்களில் அதுதான் முதலிடத்தில் இருக்க வேண்டியதாக இருக்கலாம். சோடியம் என்று போட்டிருந்தால் இரண்டரையால் பெருக்குங்கள், அதுதான் உப்பு. 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்புதான் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒரு சின்னப் பாக்கெட்டிலேயே அதில் பாதிக்கு அருகில் போய்விட்டால், எடுத்த இடத்திலேயே வைத்துவிடலாம்.

பருப்பு, பயறு வகைகளைச் சில்லறையாக வாங்கும்போது உள்ளங்கையில் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். மாவு போல் தூள் ஒட்டினாலோ, சின்னத் துளைகள் தெரிந்தாலோ வண்டு விழுந்திருக்கிறது. சூடும் ஈரமும் உள்ள இடத்தில் நெடுநாள் கிடந்த பயறு எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் மசியாது. வேகாத பருப்புக்கு அடுப்பைக் குறை சொல்வதற்கு முன்னால், எப்போது வாங்கியது என்று யோசித்துப் பாருங்கள். முழுத் தானிய மாவில் எண்ணெய்ச் சத்து இருப்பதால் சீக்கிரம் காறல் வாடை வரும், குறைவாக வாங்குவதே நல்லது. மிளகு போன்றவற்றை முழுதாக வாங்கி அவ்வப்போது பொடித்துக்கொண்டால் மணம் நிற்கும்.

டப்பா வீங்கியிருந்தால் தொடவே வேண்டாம், உள்ளே கிருமி வாயுவை உண்டாக்கியிருக்கலாம். விளிம்பில் நசுங்கியதும் அப்படியே. முட்டைப் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு முட்டையையும் விரலால் லேசாக அசைத்துப் பாருங்கள். ஒட்டிக்கொண்டு அசையாமல் இருந்தால் அடியில் விரிசல் விட்டிருக்கிறது. உருளைக்கிழங்கில் பச்சைத் திட்டு இருந்தால் விட்டுவிடுங்கள், அதில் சோலனின் என்ற நச்சு சேர்ந்திருக்கும்.

ரசீதைக் கடையை விட்டு இறங்குமுன் படியுங்கள். பழுதானது வந்துவிட்டால் அன்றே ரசீதோடு எடுத்துப் போய், சத்தம் போடாமல் காட்டுங்கள்.

10. வீட்டுக்கு வந்ததும்

கறிதான் முதலில் உள்ளே போக வேண்டும். ஃபிரிட்ஜ் 4 டிகிரிக்கு மேல் இருக்கக் கூடாது. கசியாத டப்பாவில், கீழ்த்தட்டில் வையுங்கள். சொட்டினாலும் மற்றவற்றின் மேல் விழாது. கோழி, கொத்துக்கறி, ஈரல் எல்லாம் ஒன்றிரண்டு நாள். பெரிய துண்டுக் கறி மூன்று முதல் ஐந்து நாள். அதற்குள் சமைக்க மாட்டீர்கள் என்றால், புதிதாக இருக்கும்போதே உறைய வையுங்கள். நாலாம் நாள் மனசு மாறி உறைய வைத்தால், நாலு நாள் பழைய கறிதான் உறைந்து கிடக்கும்.

உறைய வைக்க, ஒரு வேளைக்கு ஆகும் அளவாகப் பிரித்து, பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, கையால் தட்டித் தட்டையாக்குங்கள். உருண்டையாகக் கட்டி வைத்தால் உறையவும் நேரம், இளகவும் நேரம். மேலே தேதியையும் எந்த இடத்துக் கறி என்பதையும் எழுதுங்கள், உறைந்தபின் கழுத்தும் தொடையும் ஒரே மாதிரித்தான் தெரியும். மைனஸ் 18 டிகிரியில் கொத்துக்கறி மூன்று நான்கு மாதம், கோழித் துண்டுகள் ஒன்பது மாதம் வரை தரம் குறையாமல் இருக்கும்.

இளக்குவதற்கு முந்தின இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். மறந்துவிட்டால், பையோடு குளிர்ந்த நீரில் போட்டு அரை மணிக்கு ஒருமுறை நீரை மாற்றுங்கள், அரைக் கிலோ ஒரு மணி நேரத்தில் இளகிவிடும், உடனே சமைத்துவிட வேண்டும். மேடை மேல் வெளியே வைத்து இளக்காதீர்கள். நடுப்பகுதி கட்டியாக இருக்கும்போதே மேற்பகுதி கெடத் தொடங்கிவிடும்.

கோழியைக் குழாயடியில் பிடித்துக் கழுவுவது பல வீடுகளில் பழக்கம். ஆனால் தெறிக்கும் துளிகள் கிருமியைத் தொட்டியிலும் மேடையிலும் பக்கத்துப் பாத்திரங்களிலும் பரப்பும். கிருமி சாவது சூட்டில்தான், தண்ணீரில் அல்ல. கழுவாமல் மனம் ஒப்பவில்லை என்றால், பாத்திரத்து நீரில் தெறிக்காமல் அலசி, அப்புறம் தொட்டியையும் கையையும் சோப்புப் போட்டுத் தேய்த்துவிடுங்கள். சமைக்கும்போது கோழியின் நடுப்பகுதி 74 டிகிரியையும், கொத்துக்கறி 71 டிகிரியையும் தொட வேண்டும். கறி வெட்டிய பலகையில் காய் நறுக்காதீர்கள்.

மளிகைப் பக்கம் வேலை குறைவு. பழையதை முன்னுக்கு இழுத்துப் புதியதைப் பின்னால் வையுங்கள். வண்டு பயம் இருந்தால் தானியத்தைப் பையில் கட்டி நாலு நாள் ஃபிரீசரில் வைத்து எடுங்கள், முட்டையோடு சேர்த்துச் சாகும். உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் வெளிச்சம் படாத இடத்தில் தனித்தனியாகப் போடுங்கள். ஆப்பிள், வாழைப்பழம், தக்காளி எல்லாம் எத்திலீன் என்ற வாயுவை விடும். கீரைக்குப் பக்கத்தில் வைத்தால் கீரை சீக்கிரம் மஞ்சளாகும்.

சமைத்துச் சாப்பிட்டபின் இன்னொரு வேலை மிச்சம் இருக்கிறது. அடுத்த முறை போகும்போது, கறி எப்படி வந்தது என்று கடைக்காரரிடம் சொல்லுங்கள். "போன வாரம் கொடுத்த கழுத்துக்கறி நல்லா வெந்துச்சு அண்ணே, ஆனா துண்டு இன்னும் கொஞ்சம் பெருசா இருந்திருக்கலாம்" என்று நான் ஒருநாள் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை. துண்டை எடுத்துக் கட்டையில் வைத்தார், வழக்கமாகக் கத்தி இறங்கும் இடத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி வைத்து, "இவ்வளவு?" என்பது போல என்னைப் பார்த்தார். தலையசைத்தேன். கத்தி இறங்கியது.